ஐந்தாம் எண் கேன்

செப்டம்பர் 1, வெள்ளி. யூட்டா, மோட்டல் அறை

இந்த நோட்டை வாங்கிக் கொடுத்தவள் என் மனைவி காந்திமதி. "மாத்திரை மட்டும் போட்டா பிரஷர் எறங்காது, மனசுல உள்ளத எழுதுங்கன்னு டாக்டர் சொன்னாருல்லா" என்கிறாள். மனசில் உள்ளதை எழுதுகிற ஆள் நான் இல்லை. மருந்துத் தொழிற்சாலையில் தரச்சோதனை அதிகாரி நான். முப்பது வருஷமாக மற்றவர்கள் எழுதி வைத்ததில் தப்புக் கண்டுபிடித்துத்தான் சோறு தின்கிறேன். எங்கள் தொழிலில் இரண்டு விதி உண்டு. எழுதாத வேலை நடக்காத வேலை. எழுதியதில் தப்பு இருந்தால் அழிக்கக் கூடாது. அடியில் உள்ளது தெரிகிற மாதிரி ஒற்றைக் கோடு போட்டு அடித்து, சரியானதைப் பக்கத்தில் எழுதி, தேதியும் சுருக்கக் கையெழுத்தும் போட வேண்டும்; என்னுடையது நெ.அ. இந்த நோட்டுக்கும் அதே விதிதான் என்று அவளிடம் சொன்னேன். "உங்க நோட்டு, உங்க பாடு" என்று திரும்பிப் படுத்துவிட்டாள்.

நாளை காலை கிரீன் நதியில் இறங்குகிறோம். ஐந்து நாள், தொண்ணூறு கிலோமீட்டர், கனோ என்கிற துடுப்புப் படகு மூன்று, ஆறு பேர். இரண்டு பக்கமும் ஆயிரம் அடிப் பாறைச்சுவர். நடுவில் ரோடு கிடையாது, போன் எடுக்காது, மனுஷ வாடை கிடையாது. இதற்கு லீவு வேறு போட்டு வந்திருக்கிறோம்.

எங்களைக் கிளப்பியவர் திலகவதி. ஃபீனிக்ஸில் எங்கள் குடும்ப நண்பர், நர்ஸ். இந்த ஆற்றில் ஏற்கெனவே மூன்று முறை வந்தவர். அவர் வீட்டுக்காரர் பூபதி கோயம்புத்தூர்க்காரர்; தூங்கும்போது மட்டும்தான் பேசுவதில்லை. மூன்றாவது கனோவுக்கு திலகவதியோடு வேலை பார்க்கும் இன்னொரு நர்ஸின் புருஷன் அருளப்பனும், காலேஜில் படிக்கும் அவர் மகள் ரெபேக்காவும். அந்த நர்ஸுக்கு லீவு கிடைக்கவில்லையாம். அருளப்பன் திண்டுக்கல் பக்கம், இங்கே ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். என்னை "சார்" என்கிறார். வேண்டாம் என்று சொல்லலாம் என்று நினைத்தேன், சொல்லவில்லை.

செப்டம்பர் 2, சனி. மாலை, முதல் முகாம்

பேர்தான் பச்சை நதி. நிறம் செங்கல் கரைத்த நிறம். போன வாரம் மேற்கே எங்கோ மழையாம். கையை உள்ளே விட்டால் விரல் தெரியவில்லை. வெளியே எடுத்தால் விரலிடுக்கெல்லாம் நறநறவென்று வண்டல். வடிகட்டியில் விட்டால் ஐந்து நிமிஷத்தில் அடைத்துக்கொள்ளும், ஆகவே குடிதண்ணீர் முழுக்கக் கையோடு கொண்டுபோக வேண்டும் என்று திலகவதி முன்பே சொல்லியிருந்தார். இருபது லிட்டர் கேன் ஆறு. ஒன்று முதல் ஆறு வரை கறுப்பு மையில் எண் போட்டிருக்கிறார். ஆளுக்கு ஒரு நாளைக்கு நாலு லிட்டர். குடிக்க, சமைக்க மட்டும். மற்ற எல்லாவற்றுக்கும் ஆறு.

கேன்களை மூடி, தூக்கி வைத்துக் கயிறு போட்டுக் கட்டியவர் அருளப்பன். எந்தச் சாமானைத் தூக்கினாலும் அதன் எடையைச் சொல்வது அவருக்கு ஒரு பழக்கம். "கூடாரம் ஆறு கிலோ. அடுப்பு மூட்டை பதினொண்ணு." பூபதி சந்தேகப்பட்டுத் தன் பையைக் கொடுத்தார். "பதிமூணு, பதிமூணரை" என்றார். கைத்தராசில் மாட்டிப் பார்த்தால் பதிமூன்று கிலோ நானூறு கிராம்.

கிளம்புமுன் திலகவதி எங்களை வட்டமாக நிறுத்தி ஓர் இரும்புப் பெட்டியைக் காட்டினார். பழைய ராணுவப் பெட்டி. மேலே உட்காருகிற வளையம் பொருத்தியிருந்தது. "இந்தப் பள்ளத்தாக்குல எதையும் விட்டுட்டு வரக் கூடாது. எதையும்னா எதையும்தான். எல்லாம் இந்தப் பெட்டிக்குள்ள, பெட்டி நம்மகூடவே வரும்."

"அப்ப நம்முளுத நாமளே பார்சல் கட்டிட்டுப் போகோணுமுங்களா?" என்றார் பூபதி.

"ஆமா. பேப்பர் மட்டும்தான். ஒண்ணுக்கெல்லாம் ஆத்துல. பெட்டிக்குள்ள தண்ணி ஒரு சொட்டு விழக் கூடாது. நெறஞ்சு போச்சுன்னா வேற பெட்டி கெடையாது."

ஆறு தமிழர்கள் நின்றோம். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. காந்திமதி ஈரப் பேப்பர் பாக்கெட் ஒன்றை ஓசைப்படாமல் என் சட்டைப் பையில் வைத்தாள்.

தினம் ஒருவர் பெட்டியைப் படகிலிருந்து இறக்கி, மறைவான இடத்தில் வைத்து, காலையில் மூடித் திரும்ப ஏற்ற வேண்டும் என்று திலகவதி முறை போட்டார். முதல் முறை பூபதிக்கு. அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கோமாளித்தனம் செய்தார். இரண்டாவது எனக்கு. எனக்கு இடுப்பு வலி, அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அருளப்பன் சிரித்துக்கொண்டே, "எதுக்குங்க எல்லார் கையும்? நானே பாத்துக்குறேன்" என்றார். திலகவதி மறுத்துப் பார்த்தார். நாங்கள் யாரும் அவரோடு சேர்ந்து மறுக்கவில்லை. நல்ல மனுஷன்.

செப்டம்பர் 3, ஞாயிறு. காலை

காலைக்கடன் முடிந்தது. சுத்தமாக இருக்கிறேன்.

செப்டம்பர் 3, ஞாயிறு. மாலை

கனோவில் முன்னால் இருப்பவர் பலம், பின்னால் இருப்பவர் மூளை என்கிறார் திலகவதி. நான் பின்னால். காந்திமதிக்கு இது பிடிக்கவில்லை. நான் வலது என்றால் ஏன் வலது என்று கேட்டுவிட்டுத்தான் துடுப்பைப் போடுகிறாள். அதற்குள் மணல்திட்டில் ஏறிவிடுகிறோம். இறங்கித் தள்ளினால் முழங்கால் வரை சேறு. இரண்டு தடவை ஏறினோம். "உங்க மூளைய கொஞ்சம் முன்னாடி அனுப்புங்க" என்று அவள் கத்தியது எதிர்ப் பாறையில் பட்டுத் திரும்பி வந்தது. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

உண்மையில் அழகுதான். பாறை சில இடத்தில் கறுத்துக் கோடு கோடாக வழிந்து நிற்கிறது. ஒரு மேட்டில் எந்தக் காலத்திலோ யாரோ கல் அடுக்கிக் கட்டிய கோபுரம். இவ்வளவு மௌனத்தை நான் கேட்டதே இல்லை. பூபதியே அரைமணி நேரம் பேசவில்லை.

காலையில் பெட்டியை ஏற்றும்போது அருளப்பன் ஒரு நொடி நின்றார். "ஒரு நாளைக்கு இது ரொம்ப அதிகமா இருக்கே" என்று லேசாக ஆட்டிப் பார்த்தார். நான் பாறையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

காலிப் பிளாஸ்டிக் பால் ஜாடி ஒன்றைக் காந்திமதிக்குத் தெரியாமல் பையில் வைத்து எடுத்துவந்தது நல்லதாகப் போயிற்று. தினமும் சவரம் செய்கிறவன், பழக்கத்தை விட முடியாது. படிகாரக் கட்டியும் இருக்கிறது.

செப்டம்பர் 4, திங்கள். மதியம்

நூற்றுமூன்று டிகிரி. எதிர்க்காற்று. துடுப்பை நிறுத்தினால் படகு பின்னால் போகிறது. எல்லோரும் கணக்கில்லாமல் குடிக்கிறார்கள், இது சரியில்லை.

செப்டம்பர் 4, திங்கள். மாலை

நான்காம் எண் கேன் சாயங்காலமே தீர்ந்தது. திலகவதி ஐந்தாம் எண் கேனைத் தூக்கியதும் அவர் முகம் மாறிவிட்டது. ஒரு கையால் தூக்கினார். மூடியில் கை வைத்ததும் கழன்று வந்தது. உள்ளே நாலு விரல் உயரம்கூடத் தண்ணீர் இல்லை.

மீதி இருப்பது ஆறாம் எண் மட்டும். படகுக்காரன் எங்களை ஏற்றிக்கொள்ள வருவது நாளை மறுநாள் பகல் பதினோரு மணிக்கு. இந்த வெயிலில் ஆறு பேருக்கு அதுவரை இருபது லிட்டர். பூபதி தன் வடிகட்டியை எடுத்துக்கொண்டு ஆற்றுக்கு ஓடினார். பத்து நிமிஷத்தில் அது அடைத்துக்கொண்டது. பம்ப் செய்த வேகத்தில் கைப்பிடியும் உடைந்தது.

"அண்ணாச்சி, இது உங்க டிபார்ட்மெண்டுங்க. என்னாச்சுன்னு நீங்களே கண்டுபுடிச்சு சொல்லுங்க" என்றார் பூபதி. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

ஒரு கோளாறு நடந்தால் 'ஏன்' என்று ஐந்து தடவை கேட்க வேண்டும், ஐந்தாவதில் மூல காரணம் நிற்கும் என்பது எங்கள் முறை. கேனைக் கையில் வாங்கினேன். தண்ணீர் ஏன் இல்லை? கசிந்திருக்கிறது. ஏன் கசிந்தது? மூடி சரியாக இறுக்கப்படவில்லை, கேன் படகில் படுக்கை வாட்டில் கிடந்திருக்கிறது. படகின் அடியில் எப்போதும் தண்ணீர் கிடக்கும், அதனால் யாரும் கவனித்திருக்க முடியாது. இவ்வளவையும் நிதானமாகச் சொன்னேன். இரண்டாவது 'ஏன்'-இல் நிறுத்திக்கொண்டேன். யாரும் மூன்றாவதைக் கேட்கவில்லை, ஏனென்றால் கேனை ஏற்றியது யார் என்பது எல்லோருக்கும் தெரியும்.

"நான் நல்லா இறுக்கித்தான் சார் மூடுனேன்" என்றார் அருளப்பன்.

ரெபேக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது. "அப்பா, ப்ளீஸ். ஒரு மூடிய டைட் பண்ணத் தெரியாதா உனக்கு? எல்லாரும் நம்மள நம்பித்தானே கொடுத்தாங்க. எங்க போனாலும் இப்படித்தான் பண்ணுவ."

அவர் மகளைப் பார்த்தார். பிறகு புதர் மறைவில் இருந்த இரும்புப் பெட்டியைப் பார்த்தார். பிறகு என்னை. ஏதோ சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். "தப்புதாங்க. மன்னிச்சுக்கங்க" என்றார்.

ஏன் என்னைப் பார்த்தார் என்று தெரியவில்லை.

நான் எடுத்தது கொஞ்சம்தான். நாலு தடவை.

செப்டம்பர் 5, செவ்வாய். காலை ஆறு மணி

இன்று அந்தப் பக்கம் போகவில்லை. பால் ஜாடியை மிதித்துத் தட்டையாக்கிக் குப்பைப் பையின் அடியில் போட்டேன். திலகவதி அளவுக் குவளையால் ஆளுக்கு ஒன்றரை லிட்டர் ஊற்றிக் கொடுத்தார். என் பாட்டிலை வாங்கிக்கொண்டு தனியே போய் உட்கார்ந்தேன். காந்திமதி, "பிரஷர் மாத்திரை போட்டீங்களா?" என்று கேட்டாள்.

செப்டம்பர் 5, செவ்வாய். மாலை

முதலில் நடந்ததை எழுதுகிறேன்.

மதியம் இரண்டு மணிக்கு எதிர்க்காற்று பலமானது. அருளப்பனின் கனோ பின்தங்கியது, பிறகு குறுக்காகத் திரும்பியது. "அப்பா எழுந்துக்க மாட்டேங்குறாரு! அப்பா!" என்று ரெபேக்கா கத்துவது கேட்டது. கரையில் சேர்த்து நாலு பேராக அவரைப் பாறை நிழலில் தூக்கிப் போட்டோம். உதடு வெடித்திருந்தது. வாந்தி எடுத்தார், வெறும் வாந்தி. கெண்டைக்கால் இரண்டும் கல்லாக இழுத்துக்கொண்டிருந்தன. திலகவதி கேட்ட கேள்விக்கு அவர் வேறு ஏதோ பதில் சொன்னார், லோடு வண்டி இன்னும் வரவில்லை என்று.

அவருடைய பாட்டில் காலி. ரெபேக்காவின் பாட்டில் கிட்டத்தட்ட முழுசாக இருந்தது. "நான் காலைலேருந்து குடிச்சிட்டே இருக்கேன் ஆன்ட்டி. குறையவே இல்ல. நான் கவனிக்கல" என்று அழுதாள். அருளப்பன் காலையிலிருந்து தன் பங்கை அதில் ஊற்றிக்கொண்டே வந்திருக்கிறார்.

திலகவதி உப்பும் சர்க்கரையும் கலந்து ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுத்தார். இருந்த தண்ணீரில் பெரும்பகுதி அதற்கே போயிற்று. ஆபத்துக்கு ஆளை வரவழைக்கிற சாட்டிலைட் கருவியைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டார். "ஒரு மணி நேரம் பாப்போம். உள்ள தண்ணி போகணும். நிறைய போகணும். இல்லேன்னா பட்டன அமுக்கிடுவேன். ஆனா அவங்க வர்றதுக்கு எவ்வளவு நேரம் ஆகும்னு தெரியாது."

அப்போதுதான் நான் படிகாரத்தைச் சொன்னேன். தாமிரபரணியில் வெள்ளம் வந்து கலங்கினால் வீட்டில் குடத்துத் தண்ணீரில் படிகாரக் கட்டியை நாலு சுற்றுச் சுற்றி வைப்பார்கள். சேறெல்லாம் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். என் சவரப் பையிலிருந்து கட்டியை எடுத்து வந்தேன். மூன்று வாளி ஆற்றுத் தண்ணீரில் சுற்றினேன். முக்கால் மணியில் மேல் பாதி தெளிந்தது. காந்திமதியின் துப்பட்டாவில் வடிகட்டி, கொதிக்கவைத்து, ஆறவைத்துக் கொடுத்தோம். லேசான துவர்ப்பு, அவ்வளவுதான். ஐந்து மணிக்கு அருளப்பன் எழுந்து உட்கார்ந்தார். ஆறு மணிக்கு ஒண்ணுக்குப் போனார். திலகவதி கருவியைப் பைக்குள் வைத்துவிட்டுச் சத்தமாக மூச்சு விட்டார்.

பூபதி என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "அண்ணாச்சி, நீங்க இல்லீன்னா இன்னிக்கு என்னாயிருக்கும்!" ரெபேக்கா என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "தேங்க்ஸ் அங்கிள்" என்று எத்தனையோ தடவை சொன்னாள். என் கையை நான் இழுத்துக்கொள்ளவில்லை.

காந்திமதி பெருமையோடு என்னைப் பார்த்தாள். கல்யாணம் ஆகி இருபத்தெட்டு வருஷத்தில் அப்படி எத்தனை தடவை பார்த்திருப்பாள்? வெட்கமாக இருக்கிறது. இந்த நோட்டில் அந்தச் சொல்லை இப்போதுதான் முதல் தடவை எழுதுகிறேன்.

திருத்தம், இன்றைய தேதிக்கு: 'அப்போதுதான் நான் படிகாரத்தைச் சொன்னேன்' என்பது சரி. அப்போதுதான் நினைவுக்கு வந்தது என்று அவர்களிடம் சொன்னது சரியில்லை. நினைவுக்கு வந்தது நேற்று மாலை, வடிகட்டி உடைந்த நிமிஷமே. சவரப் பையைத் திறந்தால் பக்கத்தில் பால் ஜாடி இருந்தது. அதற்காக ஒரு முழு நாள் வாயைத் திறக்கவில்லை. நெ.அ.

செப்டம்பர் 6, புதன். பகல்

பதினோரு மணிக்கு மோட்டார் படகு வந்தது. படகுக்காரன் ஐஸ் பெட்டியைத் திறந்து ஆளுக்கு ஒரு பாட்டில் எறிந்தான். பாட்டிலை வாயிலிருந்து எடுக்காமல் குடித்தோம். பூபதி, "அருளு, மூடிய இறுக்கி மூடுங்க, சிந்திரப் போகுது" என்றார். எல்லோருக்கும் இரண்டு நாள் பயம் கழிந்த சிரிப்பு. ரெபேக்கா மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள்.

படகு எங்களைக் கொண்டுவந்து இறக்கிய மேல்துறையில் சாமான்களை வண்டிக்கு மாற்ற வேண்டியிருந்தது. அருளப்பன் இன்னும் தள்ளாட்டமாகத்தான் நடந்தார். இரும்புப் பெட்டியிடம் குனிந்தவரை நான் ஓடிப்போய்த் தடுத்து ஒரு பக்கக் கைப்பிடியைப் பிடித்தேன். அவர் மறுபக்கம் பிடித்தார். தூக்கினோம்.

கை இறங்கியது. உள்ளே ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் தண்ணீர் ஓடி மோதுகிற சத்தம் கேட்டது.

"கனம் தெரியுதா சார்?" என்றார் மெதுவாக.

பின்னால் ரெபேக்கா வந்துகொண்டிருந்தாள். அவர் என் கையைக் கைப்பிடியிலிருந்து மெல்ல எடுத்துவிட்டார். "விடுங்க சார். உங்களுக்குப் பழக்கம் இல்ல" என்று சொல்லிவிட்டுத் தனியாகவே தூக்கிக்கொண்டு போனார். நான் விட்டுவிட்டேன்.

செப்டம்பர் 8, வெள்ளி. வீடு

திருத்தங்கள்.

செப்டம்பர் 2: 'எனக்கு இடுப்பு வலி.' ஒற்றைக் கோடு போட்டு அடித்திருக்கிறேன். சரியானது: வலி போன வருஷம் இருந்தது. நெ.அ.

செப்டம்பர் 3, காலை: 'சுத்தமாக இருக்கிறேன்.' சேர்க்க வேண்டியது: ஆற்றுத் தண்ணீர் மண்ணாக உறுத்தியது. பேப்பர் எனக்கு ஒத்துவராது. கேன்கள் பெட்டிக்குப் போகிற வழியில் நிழலில் இருந்தன. கடைசி நாட்களில் திறக்கப் போகிற கேன்தானே, அதுவரை யார் பார்க்கப் போகிறார்கள் என்று ஐந்தாம் எண்ணைத் திறந்தேன். ஜாடி நாலு லிட்டர். பாதி பெட்டிக்குள், மீதி மண்ணில், கொஞ்சம் சவரத்துக்கு. நெ.அ.

செப்டம்பர் 4: 'கொஞ்சம்தான். நாலு தடவை.' சரியானது: நாலு தடவை, பதினாறு லிட்டர். கடைசித் தடவை காலடிச் சத்தம் கேட்டு அவசரத்தில் மூடியைச் சரியாகத் திருகவில்லை. மூடி லூசாக இருந்ததென்று நான் சொன்னது உண்மை. அதை லூசாக விட்ட கை எது என்பது மூன்றாவது 'ஏன்'. நெ.அ.

செப்டம்பர் 4: 'ஏன் என்னைப் பார்த்தார் என்று தெரியவில்லை.' தெரியும். ஒரு கேன் எவ்வளவு கனம் இறங்கியதோ ஏறக்குறைய அதில் பாதி பெட்டியில் ஏறியிருந்தது. இரண்டையும் தூக்கியவர் அவர் ஒருவர்தான். நெ.அ.

எல்லாத் திருத்தமும் முறைப்படி செய்தாயிற்று. படிக்க ஆள் இல்லாத நோட்டில்.

செப்டம்பர் 15, வெள்ளி

திலகவதி போன் செய்தார். அடுத்த சனிக்கிழமை அவர் வீட்டில் எல்லோரும் சேர்ந்து போட்டோ பார்க்கிறோமாம், பிரியாணி. வரவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். காந்திமதி போனை வாங்கி, "கண்டிப்பா வாரோம்" என்றாள்.

சின்ன வயதில் எங்கள் வீட்டுப் பின்வாசலில் காலை ஐந்தரை மணிக்கு ஒருவர் வருவார். தகர வாளி உரசுகிற சத்தம் கேட்கும். சத்தம் போகும்வரை பின்பக்கம் யாரும் போகக் கூடாது. பதினோரு வருஷம் வந்தார். அவர் பேர் எனக்குத் தெரியாது. இது ஏன் இன்று ஞாபகம் வர வேண்டும் என்று எழுதலாம். எழுதாமலே விளங்குகிறது.

செப்டம்பர் 23, சனி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

வேறு சில நண்பர்களும் வந்திருந்தார்கள். போட்டோ எல்லாம் பார்த்து முடிந்ததும் பூபதி பரிசு கொடுக்கிறேன் என்று எழுந்தார். எனக்கு ஒரு காபிக் கோப்பை. அதில் 'படிகாரத் திலகம்' என்று அச்சடித்திருந்தார். கைதட்டல். அடுத்து அருளப்பனுக்கு. ரிப்பன் கட்டிய ஒரு காலிக் கேன், மூடி திருகுகிற ஒரு பெரிய ஸ்பானரோடு. "ஓட்டைக் கேன் அருளுக்கு!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவர் மனைவியும் வந்திருந்தார். என்ன ஏது என்று முழுசாகத் தெரியாமல் அவரும் சிரித்தார். அருளப்பன் எழுந்து போய் அதை வாங்கிக்கொண்டார். கேனைத் தூக்கி வழக்கம்போல, "ஒரு கிலோ" என்றார். ரெபேக்கா எழுந்து சமையலறைப் பக்கம் போகப் போனாள்.

"மூடிய அவரு நல்லாத்தான் மூடியிருந்தாரு. தொறந்தது நான்தான்" என்றேன்.

சத்தமாகத்தான் சொன்னேன். பூபதி என் முதுகில் தட்டினார். "பாத்தீங்களா, இதுதானுங்க அண்ணாச்சி! அடுத்தவன் பழியத் தன் தலைல போட்டுக்கறாரு. பெரிய மனசு!" மறுபடியும் கைதட்டல். காந்திமதிக்குக் கண் கலங்கிவிட்டது. திலகவதி, "விடுங்க அண்ணாச்சி, யாரும் அருளண்ணன தப்பா நினைக்கல" என்றார்.

அங்கேயே உட்கார்ந்திருக்கலாம். சொல்லியும் ஆயிற்று, பேரும் கெடவில்லை. இருபது நாளாக நான் வேண்டிக்கொண்டது சரியாக இதைத்தான் என்று அந்த நிமிஷம் தெரிந்தது.

ரெபேக்கா மட்டும் கைதட்டவில்லை. சமையலறை வாசலிலேயே நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அங்கிள், நிஜமா நீங்க எடுத்தீங்களா?"

"ஆமாம்மா."

"எதுக்கு?"

முப்பது வருஷம் நான் மற்றவர்களைக் கேட்ட கேள்வி. இந்த நோட்டில் 'காலைக்கடன்' என்று எழுதினேன், 'அந்தப் பக்கம்' என்று எழுதினேன், திருத்தத்தில்கூட அந்த ஒரு வார்த்தையைத் தொடாமல் சுற்றி வந்திருக்கிறேன். பன்னிரண்டு பேர் இருந்த கூடத்தில், பிரியாணித் தட்டுகளுக்கு நடுவில் சொன்னேன்.

"கழுவ."

பூபதி சிரிக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

"தினம் ரெண்டு தடவ. பெட்டிக்குள்ள. அந்தத் தண்ணியச் சேத்துத்தான் உங்கப்பா தூக்குனாரு. அவருக்கு அப்பவே தெரியும்."

ரெபேக்கா அப்பாவிடம் திரும்பினாள். "தெரியுமா? நான் அவ்வளவு பேசுனேன், அப்பகூடச் சும்மா இருந்தியா? ஏன்பா?"

அருளப்பன் கையிலிருந்த கேனை நாற்காலிக்குப் பின்னால் வைத்தார். வைத்துவிட்டு, "என்னன்னும்மா சொல்றது? வயசான மனுஷன், அத்தன பேரு முன்னாடி" என்றார். "அதுவுமில்லாம, அதக் கையில தூக்குறவன் சொன்னா எவன் நம்புவான்?"

அவள் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். என் பக்கம் அதற்குப் பிறகு திரும்பவே இல்லை. அவள் மட்டுமல்ல, யாருமே திரும்பவில்லை. நான் கோப்பையை மேஜையில் வைத்துவிட்டு எழுந்தேன். அவரிடம் போய், "மன்னிச்சுக்கிடுங்க அருளப்பன்" என்றேன். "சரிங்க" என்றார். சார் என்று சொல்லவில்லை.

காந்திமதியும் நானும் முக்கால் மணி நேரம் காரில் வந்தோம். வீட்டு வாசலில் நிறுத்தி இஞ்சினை அணைத்தேன். அவள் இறங்கவில்லை.

"தண்ணி போனா போவுது. பழக்கத்துல செஞ்சுட்டீங்கன்னு நெனச்சுக்கிடுதேன்" என்றாள். "அந்தப் பெட்டிய ஒரு நாளாவது நீங்க தூக்கியிருக்கலாம்லா?"

இதற்குத் திருத்தம் எப்படிப் போடுவது என்று எனக்குத் தெரியவில்லை.